ஆங்கில ஹைக்கூ எழுதப் பயில்வது: 5-7-5 கட்டாயமா?

வினா: மழைக்குறிப்பு

வணக்கம். ஜப்பானியக் குறுங்கவிதை வடிவமான ஹைக்கூவைத் தமிழில் வாசித்துப் பழகியவன் நான். இப்போது ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கிறேன். தொடக்கநிலைக் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று வரி, 5-7-5 அசை என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஆங்கில ஹைக்கூவுக்கென்றே நடத்தப்படும் இதழ்களை எடுத்துப் பார்த்தால், அந்தக் கணக்கில் அமைந்த கவிதை அபூர்வமாகவே தென்படுகிறது. பத்துப் பன்னிரண்டு அசைகளில் முடிந்துவிடுபவையே மிகுதி. ஒற்றை வரியில் நிற்பவையும் உண்டு. விதி ஒரு பக்கமும் வழக்கு ஒரு பக்கமுமாக இருப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

என் முயற்சி ஒன்றைக் கீழே தருகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

தி ஈவ்னிங் ரெயின் ஃபால்ஸ்
சாஃப்ட்லி அபான் தி எம்ப்டி
சேர்ஸ் இன் தி கார்டன்

தோட்டத்தில் வெறுமையாகக் கிடக்கும் நாற்காலிகள் மீது மாலை மழை மெல்லப் பெய்கிறது என்பது பொருள். ‘ஈவ்னிங்’ என்பதை இரண்டு அசையாகக் கொண்டால் கணக்குப் பிசகாமல் வருகிறது. ஆயினும் வாசித்துப் பார்க்கும்போது, உரைநடை வாக்கியம் ஒன்றை மூன்றாக ஒடித்து வைத்ததாகவே தோன்றுகிறது. இதில் இல்லாதது எது? பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டுமா? ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: சீர்பிரிப்பவர்

அசைக்கணக்கைப் பற்றிய குழப்பத்தை, ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவரைவிடத் தமிழ் யாப்பு அறிந்தவர் எளிதாகத் தீர்த்துக்கொள்ளலாம். ஜப்பானியர் எண்ணும் 17 என்பது ஆங்கில அசையும் அன்று, நம் நேரசை நிரையசையும் அன்று. அது கிட்டத்தட்ட நம்முடைய மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது அவர்களுக்கும் பொருந்தும். சொல்லின் இடையிலோ ஈற்றிலோ தனித்து வரும் மூக்கொலிக்கும், இரட்டித்து வரும் மெய்க்கும் நாம் அரை மாத்திரை தருகிறோம். அவர்கள் முழுதாக ஒன்று தருகிறார்கள். ஆகவே ‘டோக்கியோ’ என்ற ஊர்ப்பெயர் ஜப்பானிய மொழியில் நான்கு அலகு பெறுகிறது. ஆங்கிலேயர் வாயில் அது மூன்று அசையாகவோ இரண்டு அசையாகவோ சுருங்கிவிடுகிறது.

மறுதலையாக, ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள். முன்னும் பின்னும் அத்தனை மெய்களைச் சுமந்துகொண்டும் அது ஒரே அசைதான். இப்படிப்பட்ட அசைகள் 17 சேர்ந்தால் அவை சுமக்கும் பொருளும், சொல்வதற்கு ஆகும் நேரமும் ஜப்பானிய மூலத்தைவிட அதிகமாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர்களும் கவிஞர்களும் இதை உணர்ந்த பிறகே, பத்து முதல் பதினான்கு அசை வரையிலான, நடுவரி சற்றே நீண்ட வடிவம் ஆங்கிலத்தில் பெருவழக்காயிற்று. ஜப்பானிய ஹைக்கூ மரபாக மேலிருந்து கீழாக ஒரே வரியில் அச்சாவது என்பதால், ஒற்றை வரி ஆங்கில ஹைக்கூவுக்கும் நியாயம் இருக்கிறது.

இனி உங்கள் கவிதை. முதல் வரி முடியும் இடத்தில் வினை நிற்கிறது; இரண்டாம் வரியின் ஈற்றில் ‘எம்ப்டி’ என்ற அடைமொழி தன் பெயர்ச்சொல்லைப் பிரிந்து தனியே தொங்குகிறது. அது அங்கே நிற்பதற்கு ஏழு என்ற எண்ணைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. ‘அபான்’ என்ற பழைய நடைச்சொல்லும் ஓர் அசை கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகவே வந்திருக்கிறது. பேச்சில் நீங்கள் ‘ஆன்’ என்றுதான் சொல்வீர்கள்.

உங்களை உறுத்தும் அந்த உரைநடைத் தன்மைக்கு எண்ணிக்கை காரணமன்று. கவிதைக்குள் வெட்டு இல்லை என்பதே காரணம். ஜப்பானிய மொழியில் ‘யா’, ‘கானா’, ‘கெரி’ போன்ற வெட்டுச்சொற்கள் உண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதையில், பழைய குளம் என்ற தொடரை அடுத்து ‘யா’ வருகிறது. அங்கே குரல் நின்று, பிறகுதான் தவளை குதிப்பதும் நீரின் ஓசையும் தொடங்குகின்றன. குளத்துக்கும் ஓசைக்கும் என்ன தொடர்பு என்பதைக் கவிஞர் விளக்குவதில்லை. அந்த இடைவெளியை வாசகர் கடக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் இல்லை. ஒரு கோடு, வரி முறிவு, அல்லது இலக்கணத் தொடர்ச்சி அறுபடுவது ஆகியவற்றால் அந்த வேலையைச் செய்கிறார்கள். நடைமுறையில், ஒரு வரி தனித் துண்டாகவும் மற்ற இரண்டு வரிகள் சேர்ந்து ஒரு தொடராகவும் அமைவது வழக்கம். சோதித்துப் பார்ப்பதும் எளிது: மூன்று வரிகளையும் நிறுத்தாமல் படித்தால் ஒரே வாக்கியமாக ஓடுகிறதென்றால் வெட்டு இல்லை, ஒவ்வொரு வரியிலும் குரல் முற்றாக நின்றுபோனால் வெட்டு தேவைக்கு மேல் ஆகிவிட்டது, கவிதை பொருட்பட்டியலாகிவிடும்.

உங்கள் காட்சியையே வைத்துக்கொண்டு இப்படி எழுதிப் பார்க்கலாம்:

ஈவ்னிங் ரெயின்
டூ கார்டன் சேர்ஸ்
ஃபேசிங் ஈச் அதர்

மாலை மழை என்பது துண்டு. எதிரெதிராகப் போடப்பட்ட இரண்டு தோட்டத்து நாற்காலிகள் என்பது தொடர். ‘எம்ப்டி’ போய்விட்டது, மழையில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பதை வாசகரே அறிவார். ‘சாஃப்ட்லி’யும் போய்விட்டது. சொல்லாமல் விட்ட இடத்தில், அங்கே அமர்ந்து பேசிக்கொண்டிருந்த இருவர் வந்து சேர்கிறார்கள்.

தமிழில் சிந்திப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் மொழியில் ‘எ’, ‘தி’ போன்ற சுட்டுகள் இல்லாததால், சுருக்கம் வேண்டுமென்று அவற்றை எல்லா இடத்திலும் நீக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆங்கில வாசகரின் காதில் அது தந்தி வாசகமாகத்தான் ஒலிக்கும். ஒரு கதவை ‘எ டோர்’ என்று எழுதினால் அதை இப்போதுதான் காண்கிறோம்; ‘தி டோர்’ என்று எழுதினால் அது நமக்கு முன்பே தெரிந்த கதவு, நாம் அந்த வீட்டுக்குள் ஏற்கனவே நிற்கிறோம். இந்த ஓரசைச் சொல்லால் வாசகரின் இருப்பிடமே மாறுகிறது. துண்டாக நிற்கும் வரியில் சுட்டை நீக்கலாம். இரண்டு வரித் தொடருக்குள் இயல்பான ஆங்கிலம் ஓடட்டும்.

பதில்: பதினேழு

மேலே சொல்லப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 5-7-5 என்பது அறியாமையால் வந்த பழக்கம் என்ற எண்ணம் பரவிவிடக் கூடாது. அமெரிக்கப் புனைகதையாளர் ரிச்சர்ட் ரைட், 1960இல் மறைவதற்கு முன் ஃபிரான்சில் நோயோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ 4000 ஹைக்கூ எழுதினார். அவற்றில் அவரே தேர்ந்து வைத்த 817 கவிதைகள் 1998இல் நூலாக வெளிவந்தன. பெரும்பாலானவை 5-7-5 கணக்கில் அமைந்தவைதாம்; அந்தக் கட்டுக்குள்ளேயே வெட்டும் உண்டு, பருவமும் உண்டு, நகைச்சுவையும் உண்டு. எண்ணிக்கை தமக்கு இடும் கட்டுப்பாட்டால் முதலில் தோன்றிய சொல்லைக் கைவிட்டு இரண்டாவது, மூன்றாவது சொல்லைத் தேடும் நிலை வருகிறது என்பதற்காகவே அதை விரும்பும் கவிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெண்பாவில் தளை தட்டாமல் எழுத முயன்றவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. அசையை நிரப்ப அடைமொழியைச் செருகினால் அந்தக் குற்றம் செருகியவருடையது. வடிவத்தின்மேல் அதைச் சுமத்த முடியாது.

திருத்திய வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் என்றவுடன் பிரிந்த காதலர்கள் மனத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வாசகர் கடக்க வேண்டிய இடைவெளியில் பாலம் முன்னதாகவே கட்டி முடிக்கப்பட்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. கேள்வி கேட்டவர் உண்மையில் கண்டது எத்தனை நாற்காலிகளை?

மறுமொழி: மழைக்குறிப்பு

இருவருக்கும் நன்றி. நான் பார்த்தவை ஐந்தாறு நாற்காலிகள். மழைக்கு எழுந்து ஓடியவர்கள் விட்டுச் சென்ற நிலையில், வட்டமாகவே இருந்தன. அந்த வட்டத்தை முதல் வடிவத்தில் நான் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. இப்படி மாற்றியிருக்கிறேன்:

ஈவ்னிங் ரெயின்
தி கார்டன் சேர்ஸ்
ஸ்டில் இன் எ சர்க்கிள்

இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. ஒன்று, மாலை மழை என்பது பருவச்சொல்லாக ஏற்கப்படுமா? மற்றொன்று, கண்டதைத்தான் எழுத வேண்டும் என்பது விதியா? இரண்டு நாற்காலி என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்குமா?

பதில்: பெயல்

மூன்றாம் வரி நன்றாக அமைந்திருக்கிறது. ‘ஸ்டில்’ என்ற சொல்லுக்கு ‘இன்னமும்’ என்ற பொருளும் உண்டு, ‘அசைவின்றி’ என்ற பொருளும் உண்டு. இங்கே இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கின்றன. ஆள்கள் போன பின்னும் கூட்டம் கலையவில்லை என்பதை அந்த ஓரசையே சொல்லிவிடுகிறது. ‘தி’ என்ற சுட்டும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதில் நான் கைவைக்கத் துணிவது முதல் வரியில் மட்டும்தான்.

பருவச்சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எவ்வளவு தேவை என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பாஷோ (1644–1694), பூசோன் (1716–1784) ஆகியோர் காலத்தில் ஹைக்கூ என்ற தனி வடிவம் இல்லை. பலர் கூடி அமர்ந்து மாறி மாறிப் பாடும் தொடர்கவிதைக்கு முதற்பாடலாக அமைந்தது ஹொக்கு. கூடியிருக்கும் வேளையையும் பருவத்தையும் அந்த முதற்பாடல் சுட்ட வேண்டும் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசாவோகா ஷிகி அதைத் தொடரிலிருந்து முற்றாகப் பிரித்துத் தனிக்கவிதையாக நிறுத்தி ஹைக்கூ என்ற பெயரை நிலைபெறச் செய்தார். பருவச்சொல் அந்தப் பழைய கடமையின் எச்சமாகத் தொடர்ந்து வருகிறது.

ஆனால் அது வெறும் நாள்குறிப்பாக மட்டும் நின்றதில்லை. ஒவ்வொரு பருவச்சொல்லுக்கும் பின்னால் பல நூற்றாண்டுப் பாடல்களின் நினைவு சேர்ந்திருக்கிறது. நிலவு என்று மட்டும் சொன்னால் அது இலையுதிர்கால நிலவு. தவளை என்றால் வசந்தம். பழைய செவ்வியல் பாடல்களில் தவளை என்றாலே அதன் குரலைத்தான் பாடுவார்கள், யமபுகி என்னும் மஞ்சள் மலரோடு சேர்த்துப் பாடுவார்கள். பாஷோவின் கவிதைக்கு முதலடியாக அந்த மலரையே வைக்கலாம் என்று கிகாகு என்ற மாணவர் யோசனை சொன்னதாகவும், பாஷோ அதை ஏற்காமல் பழைய குளத்தை வைத்ததாகவும், மற்றொரு மாணவரான ஷிகோ எழுதியிருக்கிறார். பாடும் தவளைக்குப் பழகிய காதுகள் அங்கே நீரில் விழும் ஓசையைக் கேட்டன. மரபை அறிந்த வாசகர்களுக்கு அதுவே வியப்பாக இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்குத் திணை நினைவுக்கு வராமல் இருக்காது. மாலையும் காரும் முல்லைக்கு உரிய பொழுதுகள், இருத்தல் அதன் உரிப்பொருள் என்பதைத் தொல்காப்பியம் படித்தவர் அறிவார். ஆகவே ‘மாலை மழை’ என்று எழுதும்போதே உங்கள் மனத்தில் ஒரு காத்திருப்பு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆங்கில வாசகருக்கு அந்த ஓட்டம் கிடையாது. அவருக்கு ‘ஈவ்னிங் ரெயின்’ என்பது நேரமும் வானிலையும் மட்டுமே. உங்கள் முதல் வரி தமிழில் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் செய்யவில்லை என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். வேறொரு மொழியில் எழுதும்போது, நம் காதில் தாமாக ஒலிப்பவை எவை, பக்கத்தில் உண்மையாகவே எழுதப்பட்டிருப்பவை எவை என்று பிரித்துப் பார்ப்பதுதான் எனக்கு இன்றுவரை கடினமாக இருக்கிறது. அசை எண்ணுவது அதற்கு முன் விளையாட்டு.

ஜப்பானியர் மழையைப் பொதுவாகச் சொல்லி விடுவதில்லை. ‘ஹருசாமே’ வசந்தத்தின் மெல்லிய மழை. ‘யூதாச்சி’ கோடையில் மாலை நேரத்தில் திடீரென்று கொட்டும் மழை. ‘ஷிகுரே’ குளிர்காலத் தொடக்கத்தில் வந்து வந்து போகும் தூறல். உங்கள் கவிதையில் இவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ‘ஸ்பிரிங் ரெயின்’ என்றால் சற்று நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்து உட்காருவார்கள். ‘ஆட்டம் ரெயின்’, அதாவது இலையுதிர்கால மழை, என்றால் அந்த ஆண்டுக்கு அதுவே வெளியில் கூடிய கடைசி மாலையாக இருக்கலாம். ‘சம்மர் ரெயின்’ என்றால் சிரித்துக்கொண்டே ஓடியவர்களின் சத்தம் இன்னும் கேட்கிறது. நாற்காலிகள் அப்படியே இருக்க, கவிதை மூன்றாகிவிடுகிறது. நீங்கள் ஓட்டத்தைக் கண்டவர் என்பதால் கோடையே பொருந்தும் என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது.

பருவம் இன்றியும் எழுதலாம். மனித இயல்பைக் கேலியாகவோ கூர்மையாகவோ நோக்கும், பருவச்சொல்லும் வெட்டும் கட்டாயமில்லாத குறுங்கவிதையைக் காராய் சென்ரியூ (1718–1790) என்பவரின் பெயரால் சென்ரியூ என்றே அழைக்கிறார்கள். ஆங்கில இதழ்கள் பலவற்றில் இரண்டும் அருகருகே அச்சாகின்றன. எல்லைக்கோட்டைப் பற்றிய வாதங்கள் ஓயவே இல்லை, அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கண்டதை மட்டுமே எழுத வேண்டுமா என்ற ஐயத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் ஆர். எச். பிளைத் 1949 முதல் 1952 வரை வெளியிட்ட நான்கு ஹைக்கூத் தொகுதிகள் வழியாகத்தான் ஆங்கில உலகின் ஒரு தலைமுறையே ஹைக்கூவை அறிந்தது. ரிச்சர்ட் ரைட்டும் அவற்றைப் படித்தே எழுதத் தொடங்கினார். பிளைத் ஹைக்கூவை ஜென் பௌத்த அனுபவத்தின் வெளிப்பாடாகப் பார்த்தவர். அந்தச் செல்வாக்கினால், கவிஞர் நேரில் உணர்ந்த ஒரு கணத்தின் பதிவே ஹைக்கூ என்ற கருத்து ஆங்கிலத்தில் வலுப்பெற்றது. ஆய்வாளர் ஹருவோ ஷிரானே 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் இதை மறுத்து எழுதினார். இறந்துபோன மனைவியின் சீப்பைப் படுக்கையறையில் மிதித்தபோது உடலில் குளிர் ஊடுருவியதாகப் பூசோனுக்கு ஒரு கவிதை உண்டு. அதை எழுதியபோது அவருடைய மனைவி உயிரோடுதான் இருந்தார். ஆகவே நாற்காலிகளை இரண்டாக்கியிருந்தாலும் பொய் ஆகியிருக்காது. ஆயினும் பயிலும் காலத்தில் ஷிகி வற்புறுத்திய நேர்க்காட்சிப் பதிவே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன், ஏனெனில் நாம் கற்பனையில் போடும் நாற்காலிகள் பெரும்பாலும் எல்லோரும் ஏற்கனவே போட்ட இடத்திலேயே விழுகின்றன. உங்கள் வட்டம் கண்ணால் கண்டதால் கிடைத்தது.

பதில்: சீர்பிரிப்பவர்

‘பதினேழு’ என் திருத்தத்தைப் பற்றிச் சொன்னது சரி. வட்டம் அதைவிட மேலானது. ‘சம்மர் ரெயின்’ என்ற யோசனைக்கும் என் வாக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆங்கிலச் செய்யுள் அசையின் எண்ணிக்கையைவிட அழுத்தத்தால் நடப்பது. மூன்று வரிகளிலும் முறையே இரண்டு, மூன்று, இரண்டு அழுத்தங்கள் வருமாறு அமைப்பது ஜப்பானிய வடிவத்துக்கு நெருக்கமான ஆங்கில அளவு என்று பரிந்துரைத்தவர்கள் உண்டு. இதை விதியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் எழுதியதை வாய்விட்டுப் படித்து, அழுத்தம் விழும் சொற்கள் உண்மையிலேயே அழுத்தத்துக்குத் தகுதியானவையா என்று பார்ப்பது பயன் தரும். நமக்கு ஆங்கில அழுத்தம் இயல்பாக வருவதில்லை என்பதால், கவிஞர்கள் தம் கவிதைகளைத் தாமே வாசிக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகுங்கள்.

பதில்: இதழ்வாசகர்

எங்கே வாசிப்பது என்று இனிமேல் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘மாடர்ன் ஹைக்கூ’ 1969 முதலும், 1968இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஹைக்கூ சங்கத்தின் ‘ஃப்ராக்பாண்ட்’ 1978 முதலும் வருகின்றன. ‘தி ஹெரான்ஸ் நெஸ்ட்’ 1999இல் தொடங்கியது. பிரித்தானிய ஹைக்கூ சங்கம் 1990இல் நிறுவப்பட்டது. ஓர் இதழின் பழைய வெளியீடுகள் சிலவற்றைத் தொடர்ச்சியாக வாசித்தால், நிலவும் ஒற்றைக் காகமும் முதல் பனியும் எத்தனை முறை வந்துவிட்டன என்பது தெரிந்துவிடும். எதை எழுத வேண்டாம் என்று அறிவதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. வாசிக்கும்போது ஒவ்வொரு கவிதையிலும் வெட்டு எங்கே விழுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு இட்டுக்கொண்டே போங்கள். நடுவரி முன்னோடும் பின்னோடும் ஒருசேரப் பொருந்தி, கோடு இட இடமின்றித் திணற வைக்கும் கவிதைகளும் வரும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள்.

அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இதழ்கள் பொதுவாக வேறெங்கும் வெளிவராத கவிதைகளையே கேட்கின்றன. பொதுவில் எல்லோரும் பார்க்கக்கூடிய இணையப் பக்கத்தில் இட்டதையும் வெளியீடாகக் கொள்ளும் இதழ்கள் உண்டு, கொள்ளாதவையும் உண்டு. நாற்காலிக் கவிதை ஏற்கனவே இங்கே வந்துவிட்டது. அதை அனுப்புவதற்கு முன் அந்தந்த இதழின் விதியைப் படித்துவிடுங்கள், அடுத்ததை எழுதினால் முடிவு வரும் வரை உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்திருங்கள்.